தோட்டாக் கூட்டில் பொறித்த பெயர்

ஒரு பொருளின்மேல் பெயரைப் பொறித்தவன்தான் அப்பொருளைச் செய்தவன் என்று எண்ணுவது மக்களின் இயல்பு. வாணிக உலகமோ அவ்வாறு நடப்பதில்லை. பட்டணத்துப் பேரங்காடியில் நாம் வாங்கும் சமையல் எண்ணெயின் முகப்பில் அங்காடியின் பெயர் பெரிய எழுத்தில் நிற்கும். எண்ணெயை எடுத்து அடைத்த ஆலையின் பெயர் போத்தலின் முதுகில் எறும்பெழுத்தில் ஒண்டியிருக்கும். அந்தப் பழம் எந்தத் தோட்டத்துச் செம்பனையில் வெட்டியது, வெட்டியவர் யார் என்பன எந்த எழுத்திலும் இரா. தோட்டக் கிராணிகளாகிய நமக்கு இது புதிய செய்தியன்று; நாள்தோறும் நாமே எழுதும் கணக்குத்தான்.

இவ்வழக்கம் எண்ணெயோடும் அரிசியோடும் நின்றதன்று. உயிரை வாங்கும் துப்பாக்கித் தோட்டாவிலும் நூறாண்டுகளுக்கு மேலாக நடந்துள்ளது. விற்ற கடையின் பெயர் ஒன்று. செய்த ஆலை வேறு. ஆகவே பழைய தோட்டாவின் பித்தளைக் கூட்டைக் கையில் எடுத்து, இதைச் செய்தவன் யார் என்று கேட்பது, இட்ட பெயரைக் கொண்டு பெற்றவனைத் தேடுவது போன்ற வேலை. அவ்வேலை எங்ஙனம் நடைபெறுகின்றது, நம் மக்களுக்கும் நாம் வாழும் வட சிலாங்கூர்ப் பகுதிக்கும் அதில் என்ன தொடர்பு என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தோட்டா நான்கு உறுப்புக்களால் ஆயது. முனையில் குண்டு, அதன்பின் மருந்து, அடியில், துப்பாக்கியின் ஊசி வந்து குத்தியவுடன் தீப்பற்றும் கேப்பு, இம்மூன்றையும் சேர்த்துப் பிடித்து நிற்கும் கூடு. சுட்டபின் குண்டு போய்விடும், மருந்து புகையாய்விடும். மிஞ்சுவது கூடும் அதன் அடியில் நசுங்கிய கேப்புமே. துப்பாக்கியை விற்றுவிடலாம், உருக்கிவிடலாம், கிணற்றில் எறிந்துவிடலாம். சுட்ட இடத்தில் தெறித்து விழுந்த கூட்டை யாரும் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. பித்தளை இரும்பைப் போலத் துருப்பிடித்து உதிர்வதுமில்லை. பச்சை பூத்து, மண்ணுக்கடியில் தலைமுறைக் கணக்காய்க் கிடக்கும்.

அக்கூடு பிறக்கும் வகையை அறிந்தாலன்றி அதன் எழுத்தைப் படிக்க இயலாது. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளைத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டுவர். வில்லையை அழுத்திக் கிண்ணமாக்குவர். கிண்ணத்தை, ஒன்றைவிட ஒன்று குறுகிய அச்சுக்களின் வழியே தள்ளித் தள்ளி நீண்ட குழலாக்குவர். ஒவ்வொரு முறை தள்ளும்போதும் பித்தளை இறுகி முறுகுமாதலால், இடையிடையே தீயில் வாட்டி இளக்குவர். இறுதியில் குழலின் அடியைப் பொறியால் ஓங்கி அழுத்தித் தலையை உருவாக்குவர். அந்த அழுத்தத்தில்தான் எழுத்தும் விழுகின்றது. அதனை நாம் அடிமுத்திரை என்போம்.

சூட்சுமம் இங்கேதான் இருக்கின்றது. எழுத்து வெட்டிய அச்சு, உள்ளங்கையில் அடங்கும் எஃகுத் துண்டு. காலையில் ஒரு கடையின் பெயர் தாங்கிய அச்சை மாட்டி ஆயிரக்கணக்கில் அடித்துவிட்டு, மாலையில் அதைக் கழற்றி வேறொரு கடையின் அச்சை மாட்டலாம். பொறி அதேதான், பித்தளை அதேதான், பொறியின் அருகில் நின்று வேலை செய்யும் பெண்ணும் அவளேதான். ஒரு துண்டு எஃகு மாறினால் தோட்டாவின் குலம் கோத்திரம் அனைத்தும் மாறிவிடும். மனிதர் விஷயத்திலும் குலமென்பது இதனினும் பெரிதாக ஒன்றுமில்லை என்பாரும் உளர். அது வேறு கட்டுரை.

சென்னை மௌண்ட் ரோட்டுப் பி. ஆர் அண்டு சன்ஸ் கடையை நம் பாட்டன்மார் அறிவர். கடிகாரக் கம்மியராகச் சென்னைக்கு வந்த பீட்டர் ஆர் என்பவரின் பெயரால் நடந்த அக்கடை, கடிகாரத்துக்கும் வெள்ளிப் பாத்திரத்துக்கும் பேர் பெற்றது. 1879ல் எழுந்த அதன் மணிக்கூண்டு முகப்பு இன்றும் அண்ணா சாலையில் நிற்கின்றது. அதே கடை வேட்டைத் துப்பாக்கியும் விற்றது. ‘பி. ஆர் அண்டு சன்ஸ், மதராஸ்’ என்று பொறித்த துப்பாக்கிகள் வெளிநாட்டு ஏலங்களில் இக்காலத்திலும் தலைகாட்டுகின்றன. கடிகாரக் கடையிலா துப்பாக்கிக் குழல் கடைந்தனர்? அன்று. விற்பவர் பெயரைப் பொறித்துத் தருவதைப் பர்மிங்காம் பட்டறைகள் ஒரு பெருவாணிகமாகவே நடத்தின. பர்மிங்காமில் பிறந்த துப்பாக்கி, கப்பலேறும் முன்பே மதராஸ்காரனாகிவிட்டது. கல்கத்தாவில் மாண்டன் கம்பெனியும் ஆர். பி. ரோடா கம்பெனியும் இவ்வகையில் இன்னும் பெரியவை. துப்பாக்கி மட்டுமன்று, தோட்டாவும் அவர்கள் பெயரில் வந்தது.

கடைக்காரனுக்கு இதனால் என்ன இலாபம்? துப்பாக்கி ஒருமுறை விற்கும் பொருள்; தோட்டாவோ ஆண்டுதோறும் விற்கும் பொருள். காட்டில் சுட்டுத் தீர்த்த துரை, கையிலுள்ள வெற்றுக் கூட்டின் அடியைப் பார்த்து, அதில் உள்ள கடைக்கே கடிதம் எழுதுவான். அடிமுத்திரை, காசு கொடாமல் கிடைத்த விளம்பரப் பலகை. ஆலைக்காரனுக்கும் இதில் வருத்தமில்லை. பெட்டி பெட்டியாய் ஒரே கையில் விலைபோகும்போது பெயர் எதற்கு?

இவ்வளவோடு நின்றிருந்தால் தேடுவது எளிது. தோட்டாவில் மூன்றாவதாக ஒரு பெயரும் உண்டு; அதுவே தேடுவோரை மிகுதியும் ஏமாற்றுவது. அஃது அளவின் பெயர். ‘.405 வின்செஸ்டர்’ என்று பொறித்திருந்தால், அமெரிக்க வின்செஸ்டர் கம்பெனி செய்தது என்று துணிந்துவிடுவர். சேலம் ஜில்லாக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடி, 1954 முதல் நூல்கள் எழுதிய கென்னத் ஆண்டர்சன் கையாண்டது .405 வின்செஸ்டர்தான். அந்த அளவுத் தோட்டாவை இங்கிலாந்தின் கைனாக் ஆலையும் செய்தது. ஆகவே வின்செஸ்டர் என்ற சொல் அங்கே துப்பாக்கியின் அளவைச் சொல்லுகின்றதே ஒழியச் செய்தவனைச் சொல்லவில்லை. இன்னொரு வேடிக்கை ‘.275 ரிக்பி’. 1907ல் சம்பாவத் புலியைக் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக வந்த துப்பாக்கி அந்த அளவினது. லண்டன் ரிக்பி கடை அப்பெயரை இட்டது. உள்ளே இருந்ததோ ஜெர்மானியரின் 7 மி.மீ. மவுசர் தோட்டா! ஜெர்மனிப் பிள்ளைக்கு லண்டன் கடைக்காரர் தம் பெயரைச் சூட்டி, இந்தியக் காட்டுக்கு அனுப்பி வைத்தார்.

1907ஆம் ஆண்டு வேறொரு காரணத்தாலும் நினைக்கத்தக்கது. அவ்வாண்டில் ஆங்கில அரசாங்கம் .450 அளவுள்ள ரைபிளையும் தோட்டாவையும் இந்தியாவுக்கும் சூடானுக்கும் கொண்டுவரலாகாது என்று தடுத்தது. பழைய மார்ட்டினி ஹென்றி ராணுவத் துப்பாக்கி அந்த அளவினது. அவற்றுட் பல, ஆட்சியை எதிர்ப்போர் கையில் இருந்தன. வேட்டைக்காரனுக்கு வரும் குண்டு அவர்களுக்கும் பயன்பட்டுவிடும் என்பது அச்சம். துப்பாக்கி வியாபாரிகள் வாளாவிருப்பரோ? ஹாலண்டு கடை .465 என்றது. லாங் கடை .470 என்றது. ஜெஃப்ரி .475 என்று ஒன்றையும், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் .476 என்று ஒன்றையும் வெளியிட்டன. ஒரு சர்க்கார் உத்தரவினால், நூலிழை வேறுபாட்டில் இத்தனை தோட்டாக்கள் பிறந்தன. ஒவ்வொரு கடையும் தன்னுடையதே உயர்ந்தது என்று பறையடித்தது. இவற்றின் கூடுகளைத் திருப்பி அடியைப் பார்த்தால், அடிக்கடி கண்ணில் படும் சொல் ஒன்றே: கைனாக்.

மலாயாக் காடுகளுக்கும் அப்பெயர் அன்னியமன்று. யானையும் செலாடாங் காட்டெருமையும் சுட வந்த துரைமார் பலர். அவர்களுள் தியோடர் ஹப்பக் என்பார் 1905ல் அவ்வேட்டையைப் பற்றி நூலே எழுதினார். கோலாலம்பூர் ரயில் நிலையத்தைக் கட்டிய சிற்பி ஹப்பக்கின் சகோதரர் அவர். பின்னாளில் மனம் மாறி, விலங்குகளைக் காக்க வாதாடி, இன்று தமன் நெகாரா என்று வழங்கும் பெருங்காப்பகம் அமைய உழைத்தார். துப்பாக்கியைக் கீழே வைத்தவருள் அவரை நாம் மதிக்கின்றோம்.

கைனாக் ஆலையின் வரலாறு பித்தளையில் எழுதப்படாத ஒன்றோடு தொடங்குகின்றது. பர்மிங்காம் நகரின் விட்டால் தெருவில் கேப்பு செய்யும் பட்டறை ஒன்று இருந்தது. 1859ல் அது வெடித்து, வேலை செய்த 70 பேரில் 19 பேர் மாண்டனர். அதன்பின் பட்டறை ஊருக்கு வெளியே விட்டன் என்ற இடத்துக்குப் பெயர்ந்தது. 1862ல் ஜார்ஜ் கைனாக் அதைத் தம் கைக்குக் கொண்டுவந்தார். அவர் பெயர் உலகெங்கும் பித்தளையில் பரவியது. அந்தப் பத்தொன்பதின்மர் பெயரைத் தாங்கிய தோட்டா ஒன்றுமில்லை. லண்டனில் இதற்குப் போட்டியாக இருந்தது ஈலி சகோதரர் கம்பெனி. அங்கே விபத்து முதலாளியையும் விடவில்லை. வில்லியம் ஈலி 1841ல் கேப்புக்குரிய பாதரச மருந்து வெடித்து உயிர் நீத்தார்.

ஈலியும் கைனாக்கும் பல்லாண்டு போட்டியிட்டன. 1918ல் நோபல் கம்பெனியின் தலைமையில் வெடிமருந்து வணிகர் அனைவரும் ஒன்றானபோது, இரண்டும் ஒரே குடைக்கீழ் வந்தன. 1926ல் அக்குடையே இம்பீரியல் கெமிக்கல் என்னும் பெருங்கம்பெனியுள் அடங்கிற்று. ஈலியின் வேலையும் விட்டன் ஆலைக்கே போய்ச் சேர்ந்தது. ஆயினும் இரு பெயரும் நீங்கவில்லை. ஈலியே சிறந்ததென்று ஒரு துரையும், கைனாக்கே சிறந்ததென்று மற்றொரு துரையும் கிளப்பில் அமர்ந்து வாதாடியிருப்பர். இருவருக்கும் ஒரே ஆலை வழங்கியது. ஆகவே ஈலி என்ற எழுத்தைக் கண்டால், உடனே லண்டன் என்று எழுதிவிடக்கூடாது. முதலில் ஆண்டைத் தேட வேண்டும்.

பெயர் பொய் சொல்லுமானால் எதைத்தான் நம்புவது? ஆலை தன்னையறியாமல் விட்டுச்செல்லும் அடையாளங்களை நம்ப வேண்டும். அவற்றுள் முதன்மையானது, கூட்டுக்குள் எட்டிப் பார்த்தால் அடியில் தெரியும் துளை. நடுவில் ஒரே துளையிருந்தால் அது பாக்சர் முறை; கேப்பு மோதி வெடிப்பதற்கான அடைகல் கேப்புக்குள்ளேயே இருக்கும். இரண்டு சிறு துளைகளும், அவற்றின் நடுவே பித்தளையிலேயே எழுந்த சிறு மேடும் இருந்தால் அது பெர்டன் முறை. கர்னல் பாக்சர், லண்டனை அடுத்த வுல்விச் ராணுவ ஆலையின் அதிகாரியாயிருந்த ஆங்கிலேயர். ஹைரம் பெர்டன் அமெரிக்கர். விதியின் விளையாட்டைப் பாருங்கள்: ஆங்கிலேயரின் முறையை அமெரிக்கா கைக்கொண்டது, அமெரிக்கரின் முறையை ஐரோப்பா கைக்கொண்டது. ஆகையால் ஒரு கூட்டில் லண்டன் கடைப்பெயர் இருந்து, உள்ளே ஒற்றைத் துளை இருந்தால், அமெரிக்க ஆலையையும் நினைவில் வைத்துத் தேட வேண்டும். இரட்டைத் துளையானால் பர்மிங்காமும் ஜெர்மனியும் முன்வரும்.

அடுத்தது எழுத்தின் வடிவம். எழுத்தின் உயரம், வளைவு, எழுத்துக்களுக்கு நடுவே விட்ட இடம், புள்ளியா நட்சத்திரமா என்பன ஆலைக்கு ஆலை மாறும். ஆலையின் சொந்தப் பெயர் தாங்கிய கூட்டையும் கடைப்பெயர் தாங்கிய கூட்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால், ஒரே அச்சு வெட்டியின் கை தெரிந்துவிடும். ஆபீசில் கையொப்பமில்லாத மொட்டைக் கடிதம் வந்தால், எழுத்தைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிக்கின்றோம் அல்லவா? அதே வேலைதான். கேப்பைச் சுற்றிப் பூசிய வண்ண மெழுகு, அதை இறுக்க அடித்த குத்துக்களின் எண்ணிக்கை, விளிம்பின் கனம் ஆகியவும் சாட்சி சொல்லும். இவற்றுள் ஒன்றை மட்டும் நம்புவது தவறு. இரண்டு மூன்று ஒத்து வந்தால்தான் தீர்ப்பு எழுதலாம்.

கடைப்பெயர் வாணிகத்தைப் பெரிய அளவில் நடத்தியவர் அமெரிக்கர். சியர்ஸ் ரோபக், மாண்ட்கோமரி வார்டு ஆகிய தபால் வாணிகக் கடைகள், தையற்பொறி முதல் துப்பாக்கி வரை தம் பெயரிட்டு விற்றன. செய்து கொடுத்தவை வின்செஸ்டர், வெஸ்டர்ன், ரெமிங்டன், பீட்டர்ஸ், ஃபெடரல் முதலிய ஆலைகள். அவையும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 1931ல் வெஸ்டர்ன் கம்பெனி வின்செஸ்டரை வாங்கிற்று; 1934ல் ரெமிங்டன் பீட்டர்ஸை வாங்கிற்று. பீட்டர்ஸ் என்ற பெயரோ அதற்குப் பின்னும் பித்தளையில் தொடர்ந்தது. சிறிய .22 தோட்டாவில் மட்டும் சிறிது வசதி உண்டு. கடையின் அட்டைப்பெட்டி எதுவாயினும், கூட்டின் அடியில் ‘எச்’ என்ற ஓரெழுத்து நின்றால் அது வின்செஸ்டர் வழக்கம். பழைய ஹென்றி ரைபிளைச் செய்த பெஞ்சமின் டைலர் ஹென்றியின் முதலெழுத்து அது.

சியர்ஸ் கடையின் துப்பாக்கியிலும் தோட்டாவிலும் ‘ஜே. சி. ஹிக்கின்ஸ்’ என்ற பெயர் பல்லாண்டு விளங்கியது. இப்பெயர் யாருடையது என்று கேட்டால் வாசகர் வியப்பர். பெரிய வேட்டைக்காரருமல்லர், துப்பாக்கிக் கம்மியருமல்லர். ஜான் ஹிக்கின்ஸ் என்பார் 1898ல் அக்கடையில் கணக்கெழுதுவோரின் தலைவராகச் சேர்ந்து, 1930ல் கணக்கதிகாரியாக ஓய்வு பெற்றவர். அஃதாவது நம் இனத்தவர்: பெரிய கிராணி! உலகத்துக் கிராணிகளுள் தம் பெயர் துப்பாக்கியில் பொறிக்கப்பட்டவர் அவர் ஒருவரே போலும். 1960க்குப் பின் அப்பெயரை எடுத்துவிட்டு, டெட் வில்லியம்ஸ் என்ற பந்தாட்டக்காரரின் பெயரை இட்டனர். கிராணியின் புகழ் அவ்வளவுதான்.

அமெரிக்கக் கிராணியின் பெயர் துப்பாக்கிமேல் நின்றது. இந்தியக் கிராணி ஒருவரோ துப்பாக்கியைப் பெட்டியோடு கொண்டு போனார். மேலே சொன்ன கல்கத்தா ரோடா கம்பெனியில், சுங்கச்சாவடியில் சரக்கெடுக்கும் கிராணியாக இருந்தவர் ஸ்ரீஷ் சந்திர மித்திரர். 1914 ஆகஸ்டு 26ஆம் நாள், கம்பெனிக்கு வந்த 202 பெட்டிகளை அவர் சுங்கத்திலிருந்து எடுத்தார். 192 பெட்டிகள் கடைக்கு வந்து சேர்ந்தன. மற்றப் பத்தும் வரவில்லை, கிராணியும் திரும்பவில்லை. அவற்றுள் 50 மவுசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் இருந்தன. மரப்பெட்டியைப் பின்புறம் மாட்டினால் தோளில் வைத்து ரைபிள் போலச் சுடலாம் என்ற அமைப்புடையவை அத்துப்பாக்கிகள். வங்காளப் புரட்சிக்காரர் கைக்கு அவை போய்ச் சேர்ந்தன. 1918ல் வெளியான ரௌலட் கமிட்டி அறிக்கை, அவற்றுள் 44 துப்பாக்கிகள் ஒன்பது கூட்டங்களுக்குப் பங்கிடப்பட்டன என்றும், 54 வழக்குகளில் அவை பயன்பட்டன என்றும் கணக்கிட்டது.

இக்கணக்கு எங்ஙனம் வந்தது? துப்பாக்கி ஒவ்வொன்றிலும் எண் இருந்தது. ரோடா கம்பெனி அந்த எண்களைப் பதிந்து வைத்திருந்தது. தோட்டாவுக்கோ தனி எண் கிடையாது. ஜெர்மனியின் பேராலையான டி. டபிள்யூ. எம். ஒவ்வொரு வகைத் தோட்டாவுக்கும் ஓர் எண் இட்டு அடியில் பொறித்தது. இந்த மவுசர் கைத்துப்பாக்கி வகைக்கு அதன் எண் 403. அந்த எண் வகையைச் சொல்லும், ஆலையைச் சொல்லும். 46,000ல் எந்தத் தோட்டா எவர் கையில் இருந்தது என்பதைச் சொல்லாது. பித்தளைச் சாட்சியின் எல்லை இதுதான். கல்கத்தாப் போலீசார் அன்று கண்ட அந்த எல்லையை, நம் ஊர் மண்ணிலும் காண்கின்றோம்.

கோலா குபு பாரு என்பதே பெயர் பெயர்ந்த ஊர். 1883ல் அணை உடைந்து பழைய கோலா குபுவில் பெருஞ்சேதம் விளைந்தது. பின்னும் வெள்ளமும் ஈயலம்ப மணலும் ஊரை மூடவே, 1930ஐ ஒட்டி மேட்டு நிலத்தில் புதிய ஊர் கட்டி, பழைய பெயரோடு புதிது என்னும் பொருளுடைய பாருவைச் சேர்த்தனர். அதன் வடக்கே, பேராக் எல்லைக்கப்பால், 1942 ஜனவரி 7ஆம் நாள் விடியுமுன் சிலிம் ஆற்றுப் போர் நடந்தது. ஜப்பானிய டாங்கிகள் பதினோராவது இந்திய டிவிஷனைப் பிளந்து சென்றன. நான்கு நாளில் கோலாலம்பூர் வீழ்ந்தது. அதே ஜனவரியின் தொடக்கத்தில் கோலா சிலாங்கூர்க் கரையிலும் படகில் வந்தோரைப் பீரங்கியால் தடுத்தனர். தரைவழி வந்தோரைத் தடுக்க முடியவில்லை. பஞ்சாபியரும் கூர்க்கரும் ஸ்காட்லாந்தியரும் சுட்ட .303 தோட்டாக்களின் கூடுகள், நம் தோட்டங்களுக்கு அண்மையிலேயே விழுந்தன.

ராணுவக் கூட்டில் கடைப்பெயர் இராது. எழுத்தைச் சுருக்கிவிடுவர். ‘கே’ என்றால் கைனாக். ‘ஆர் எல்’ என்ற எழுத்துக்களும் நடுவில் அம்புக்குறியும் இருந்தால் வுல்விச். ‘எம் எஃப்’ ஆஸ்திரேலியாவின் மெல்போர்னை அடுத்த ஃபுட்ஸ்கிரே. ‘கே எஃப்’ என்றால், பூனாவை அடுத்த கிர்க்கியில் 1869 முதல் நடந்த இந்திய ஆலை. ஜப்பானிய ராணுவத்தின் 6.5 மி.மீ. ரைபிள் கூட்டிலோ எழுத்தே கிடையாது, அடி வழவழவென்றிருக்கும். பெயரிடாமையே அங்கே பெயர். அந்த மொட்டை அடியைக் கண்டவுடன் தேர்ந்தவர் ஜப்பான் என்பர்.

அடுத்து வந்தது 1948 முதல் 1960 வரை நீண்ட அவசரகாலம். இங்கே எழுத்து நம்மைக் கைவிடுகின்றது. போர்க்காலத்தில் ஜப்பானியரை எதிர்த்த கம்யூனிஸ்டுப் படைக்கு, ஆங்கிலேயரே 1945ல் விமானத்திலிருந்து துப்பாக்கியும் தோட்டாவும் இறக்கினர். போர் முடிந்தபின் அவற்றுள் ஒரு பகுதி திரும்ப ஒப்படைக்கப்படாமல் காட்டில் மறைந்தது. 1951 அக்டோபர் 6ஆம் நாள், கோலா குபு பாருவிலிருந்து ஃபிரேசர் மலைக்கு ஏறும் பாதையில் ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட படையினரும் காக்க வந்த படையினரும் ஒரே நாட்டு ஆலைகளின் பித்தளையைக் கையாளக்கூடிய காலம் அது. ‘கே’ என்ற எழுத்து இரு பக்கத்துக்கும் பொது.

1948 டிசம்பர் 12ஆம் நாள் பத்தாங் காலியை அடுத்த தோட்டத்தில், ஆயுதமில்லாத சீனர் 24 பேரை ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் கொன்றனர். மாண்டோரின் உறவினர் லண்டன் உச்ச நீதிமன்றம் வரை சென்றும், 2015ல் விசாரணை மறுக்கப்பட்டது. அங்கே தோட்டாவைச் செய்தவர் யாரென்ற ஐயம் எவருக்குமில்லை. சுட்டவர் யாரென்ற ஐயமுமில்லை. சுடச் சொன்னவர் யார் என்பதே கேள்வி. அதற்கு முன்பு, 1941 மே மாதம், கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கி கோலா சிலாங்கூர் வரை பரவிய தோட்ட வேலைநிறுத்தத்தை அடக்கியபோது, நம் தொழிலாளர் ஐவர் மாண்டனர். அடக்க வந்த படையிலும் இந்தியச் சிப்பாய்கள் இருந்தனர். கூலி உயர்வு கேட்டவர்மேல் வந்த குண்டுக்குக் கூடு செய்தது பர்மிங்காமா கிர்க்கியா என்று ஆராய்வதில் நமக்கு மனம் செல்லவில்லை. ஆராய்ச்சி எங்கே தொடங்க வேண்டும் என்பதுபோலவே, எங்கே நாகரிகமாக நிற்க வேண்டும் என்பதும் உண்டு.

பழைய ரப்பரை அழித்துச் செம்பனை நடும்போதும், பள்ளம் தோண்டும்போதும் இத்தகைய கூடு எப்போதாவது மண்ணோடு புரண்டு வரக்கூடும். இளைஞர்க்கு ஒரு சொல். வெற்றுக் கூட்டுக்கும் சுடாத தோட்டாவுக்கும் வேறுபாடு தெரியாமல் கை வைக்கலாகாது. எண்பதாண்டு மண்ணில் கிடந்த கேப்பும் வெடிக்கக்கூடும். உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பது 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றமுமாகும். கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போலீசுக்குத் தெரிவித்தலே முறை. சரித்திரம் படிக்க விரும்புவோர்க்கு ஒரு படம் போதும்.

அப்படத்தில் எதைப் பார்ப்பது? ‘கே எஃப்’ என்ற எழுத்துக்களின் அருகே இரண்டு இலக்கம் இருந்தால், அது செய்த ஆண்டு. 40 அல்லது 41 என்றிருந்தால், பின்வாங்கிய இந்தியப் படையோடு சிலிம் ஆற்றுக்கு வந்ததாக இருக்கக்கூடும். 43, 44 என்றிருந்தால், அந்தப் போரில் அது வந்திருக்க முடியாது. ஆங்கிலேயர் மீண்டும் வந்தபோதோ, 1945ல் காட்டுக்குள் இறங்கிய பெட்டியிலோ, அதற்குப் பின்னரோ வந்தது. கிர்க்கி ஆலை இன்றும் நடக்கின்றது. ஊரின் பெயரை இப்போது கட்கி என்று எழுதுகின்றனர். 2021 அக்டோபர் 1 முதல் ஆலை மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட் என்னும் அரசாங்கக் கம்பெனியின் கீழ் இருக்கின்றது.